கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கும்பகோணம் சோலையப்பன் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர், நண்பர், நண்பருக்கு நண்பர் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு நாற்பது வருடமாக இந்த ஊரைச் சுற்றி வருகிறேன். வரப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வருகிறோம் ஐயா. திருச்சி போய் மாறி வருவதா, நேரடி ரயில் உண்டா?

நேரடியாகவே வரலாம். விழுப்புரத்தில் பாதை பிரிகிறது. தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைனில் திருச்சிக்குப் போய்விடும். அவை கும்பகோணத்தைத் தொடாது. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக வருவது மெயின் லைன். அதில்தான் நம் ஊர். எழும்பூரிலிருந்து இரவில் உழவன், பகலில் சோழன்.

இரண்டில் உழவனைத்தான் சொல்வேன். விடியும் முன் இறக்கிவிடும். அறைக்குப் போய்க் குளித்துவிட்டுக் கிளம்பினால் கோயில் திறக்க நேரம் சரியாக இருக்கும். சோழன் வந்து சேருவது மதியத்தில், அதாவது எல்லாக் கோயிலும் நடை சாத்தியிருக்கும் நேரத்தில். ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து?

காலையில் கிளம்பும் மயிலாடுதுறை ஜன் சதாப்தி. மாற வேண்டிய வேலையே இல்லை. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சிதான் பக்கம். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாக ஏறக்குறைய 90 கி.மீ.

ஒரே ஒரு நாள் இருக்கிறது அண்ணா. காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதுமா?

போதாது தம்பி. இந்த ஊரில் கடிகாரம் என்பது கோயில் நடைதான். பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். பத்து மணிக்கு மேல் கிளம்பி, இரண்டாவது கோயில் வாசலில் பூட்டிய கதவைப் பார்த்து நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆறரைக்கே தெருவில் இருங்கள்.

மகாமகக் குளத்தில் ஆரம்பியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். கரையெல்லாம் தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் செய்த திருப்பணி. வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில், உள்ளே ஒன்பது நதிகளும் கன்னிப் பெண்களாக வரிசையாக இருப்பார்கள். அங்கிருந்து நாகேஸ்வரன், அப்புறம் சாரங்கபாணி, பொற்றாமரைக் குளத்தை ஒட்டி நடந்து ஆதி கும்பேஸ்வரர். காலை அவ்வளவுதான்.

சாரங்கபாணியில் அவசரப்படாதீர்கள். கருவறையே தேர். கல்லில் சக்கரம், இழுத்துப் போகும் குதிரை, யானை எல்லாம் இருக்கும். உள்ளே போக இரண்டு வாசல்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை வந்து இரண்டு வாசலிலும் நுழைய வேண்டும் என்றே திட்டம் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதியம் சாப்பிட்டுப் படுங்கள். வெயிலில் அலைந்து ஒன்றும் ஆகப் போவதில்லை. நாலரைக்கு ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்தது. ராமர் பட்டாபிஷேகக் கோலத்தில், தம்பிகள் மூவரும் கூட இருக்க, அனுமார் கையில் வீணையோடு இருப்பார். வெளியே வந்து சின்னக் கடைத் தெருவில் நேரே நடந்தால் சக்கரபாணி கோயில். அந்தத் தெருவே இரண்டு கோயிலையும் சேர்க்கப் போட்டதுதான். அதைத் தாண்டினால் காவேரிப் படித்துறை. இருட்டும் வரை படியில் உட்காருங்கள்.

சொந்தக் காரில் வருகிறோம். ஊருக்குள் எங்கே நிறுத்துவது?

தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். நான் சொன்ன எல்லாக் கோயிலும் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கடைத்தெருவுக்குள் காரை விட்டால் நடப்பவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. நடக்க வைக்க முடியாது. என்ன செய்யலாம்?

ஒரே நாளில் ஆறு கோயில் என்ற எண்ணத்தை விடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். ஆட்டோவைக் கோயில் வாசல் வரை கொண்டு போகச் சொல்லுங்கள். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என்றால் கும்பேஸ்வரர் கோயிலைச் சொல்வேன். உள்ளே போகும் வழி நீளமான கடை மண்டபம், நிழலாக இருக்கும், நிதானமாகப் போகலாம். ஒரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெளிப்பிரகாரக் கல் சுடும். என் அம்மாவை அவருடைய கடைசி வருடங்களில் இப்படித்தான் கூட்டிப் போனேன். ஒரு தூணோரம் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் சுற்றி வருவேன். அவருக்கு அதுவே நிறைவாக இருந்தது.

எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் இல்லை. சிற்பம் பார்க்கத்தான் வருகிறேன். எதைத் தவறவிடக் கூடாது?

நல்ல கேள்வி. ஊருக்குள் நாகேஸ்வரன் கோயில். சோழர்களின் ஆரம்ப காலத்துக் கட்டடம், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். நீங்கள் கருவறையின் வெளிச் சுவரை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். மாடங்களில் ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். தெய்வங்கள் அல்ல, மனிதர்கள். ஒரு பெண் இடுப்பை லேசாக ஒசித்து, நம்மைப் பார்க்காமல் ஏதோ யோசனையில் நிற்பாள். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், அவள் முகத்தை விட்டு உடனே நகர முடிந்ததில்லை. அப்புறம் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். உள்ளங்கை அளவுச் சதுரங்களில் ராமாயணம் ஓடும்.

அடுத்தது தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில், மேற்கே நாலு கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆட்டோவில் கால் மணி நேரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தை எல்லோரும் காட்டுவார்கள். நான் காட்டுவது கருவறையைச் சுற்றியுள்ள அறுபத்துமூவர் வரிசை. சாண் அளவுகூட இருக்காது, ஒவ்வொன்றிலும் ஒரு நாயனாரின் கதை. பெரிய புராணம் கொஞ்சம் தெரிந்தவருக்கு அரை நாள் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் முன்பக்கம் தண்ணீர் நிற்கும். அந்தப் பகுதி தாழ்வானது.

அப்படியே நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் அதே நாளில் முடிக்க முடியுமா?

முடியாது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். திங்களூர் ஒரு பக்கம், திருநள்ளாறு ஒரு பக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது, முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

ராமானுஜன் வீடு எங்கே இருக்கிறது? என் மகள் கணக்கில் ஆர்வமுள்ளவள்.

சாரங்கபாணி சன்னிதித் தெருவில். கோபுரத்தைப் பார்த்து நடந்தாலே வந்துவிடும். சின்ன ஓட்டு வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில். அவர் படித்த டவுன் ஹைஸ்கூலும் இந்த ஊரில்தான். மகளை அந்தத் திண்ணைப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

2028 மகாமகத்துக்கு வரலாமா? கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வாருங்கள், ஆனால் தீர்த்தவாரி அன்று குழந்தைகளோடும் வயதானவர்களோடும் குளத்துக்குள் இறங்க வேண்டாம். 1992 நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். அந்த நாளை இந்த ஊர் மறக்கவில்லை. 2016இல் விழா பத்து நாள் நடந்தது. முதல் சில நாட்களில் வந்து நீராடியவர்கள் நிம்மதியாகத் திரும்பினார்கள். மாசி மகம் வருடா வருடமும் உண்டு. அதற்கு வந்தாலும் இதே குளம்தான்.

கடைசியாக, என்ன சாப்பிடுவது, என்ன வாங்குவது?

காலையில் இட்லியோடு கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்வது, எல்லா நாளும் போட மாட்டார்கள். காபி பித்தளை டபராவில் வரும். வாங்குவதற்குப் பாத்திரக் கடைகளில் குத்துவிளக்கு இருக்கிறது. வெற்றிலையை மட்டும் ரயிலுக்குக் கிளம்பும்போது வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றி வைத்தால் சென்னை வரை வாடாது.