கார்டில் பணம் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இப்போதுதான் தொழில் தொடங்குகிறேன். கார்டு வசதிக்கு வங்கியை அணுகுவதா, ஆன்லைனில் சில நிமிடங்களில் கணக்குத் திறந்து தரும் நிறுவனங்களிடம் போவதா?

ஆரம்பத்தில் இரண்டாவதே போதும். ஸ்ட்ரைப், ஸ்கொயர் போன்ற நிறுவனங்கள் கார்டுப் பணத்தை வாங்குவதற்கென்று வங்கியில் தாங்கள் வைத்திருக்கும் பெரிய வணிகர் கணக்குக்குக் கீழே உங்களைத் துணை வணிகராகச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால்தான் அந்த வேகம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வங்கி எல்லாவற்றையும் துருவிக் கேட்டுவிட்டுக் கணக்குத் திறக்கும், இவர்கள் திறந்துவிட்டுப் பிறகு துருவுவார்கள். விற்பனை சூடு பிடித்த நேரத்தில் திடீரென்று ஆவணம் கேட்டுப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள் என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். மாதாமாதம் நிலையான விற்பனை வந்த பிறகு வங்கிக்குப் போனால், கமிஷனில் பேரம் பேசவும் உங்களுக்குத் தெம்பு இருக்கும்.

கேள்வி: நான் கடன் கேட்கவில்லை. என் பணத்தை வாங்கித் தரத்தான் சொல்கிறேன். எதற்கு இத்தனை ஆவணம்? இணையதளத்தில் ரீஃபண்ட் விதிமுறை இல்லை என்று விண்ணப்பத்தையே நிராகரித்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அது கடன்தான். வாடிக்கையாளர் இன்று கார்டைத் தட்டுகிறார். ஓரிரு வேலை நாளில் பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது. ஆனால் அவர் பல வாரம் கழித்தும் 'பொருள் வரவில்லை' என்று தன் வங்கியில் முறையிடலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் கடையை மூடிவிட்டால், உங்களுக்குப் பணம் கொடுத்த வங்கி தன் கையிலிருந்து திருப்பித் தர வேண்டும். அந்தப் பயம்தான் எல்லாக் கேள்விகளுக்கும் வேர்.

முன்பணம் வாங்கி மாதக்கணக்கில் கழித்துச் சேவை தருபவர்களை, அதாவது பயண ஏற்பாட்டாளர்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள் போன்றவர்களை, வங்கிகள் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பதும் இதனால்தான். அவர்களுடைய விற்பனையில் 10 சதவீதத்தை 6 மாதம் பிடித்து வைத்துத் தருவது போன்ற ஏற்பாடுகள் உண்டு. அப்படி ஒரு பிடித்தம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆர்டர் ஒன்று வரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான தொகையைப் போலப் பல மடங்கு ஒரே நாளில் விழுந்தால் அவர்களுடைய கணினிக்கு அது மோசடி மாதிரிதான் தெரியும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது பற்றி: ரீஃபண்ட் விதி, டெலிவரிக்கு ஆகும் நாள், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைத் தளத்தில் போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். அரை நாள் வேலை.

கேள்வி: ஒரு நிறுவனம் 2 சதவீதமும் ஒவ்வொரு விற்பனைக்கும் 0.30 நிலைக்கட்டணமும் கேட்கிறது. இன்னொன்று வெறும் 3 சதவீதம். முதலாவதுதானே மலிவு?

உங்கள் சராசரி பில் எவ்வளவு என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். 5க்கு விற்றால் முதல் நிறுவனத்துக்கு 0.10 + 0.30 = 0.40 போகும், அதாவது 8 சதவீதம். 200க்கு விற்றால் 4.30, அதாவது 2.15 சதவீதம். இரண்டும் சமமாவது பில் 30 ஆகும்போது. அதற்குக் கீழே என்றால் இரண்டாவது, மேலே என்றால் முதலாவது.

இதோடு மாதக் கட்டணம், குறைந்தபட்சக் கட்டணம், வெளிநாட்டுக் கார்டுக்குக் கூடுதல் கமிஷன், இடையில் விலகினால் அபராதம் என்று பொடி எழுத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பினாலும் முதலில் பிடித்த கமிஷனைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை.

கேள்வி: கார்டு மெஷினை நான்கு வருடக் குத்தகைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். பாதியில் ரத்து செய்ய முடியாத ஒப்பந்தமாக இருந்தால், மெஷினின் விலையைப் போலச் சில மடங்கு கட்டி முடிப்பீர்கள், கடை மூடிய பிறகும். வாங்கிவிடுங்கள், அல்லது மாத வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: போனில் ஆர்டர் தருபவர்களின் கார்டு எண்ணையும் பின்னாலிருக்கும் மூன்று இலக்கத்தையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை கேட்க வேண்டியதில்லை அல்லவா?

அந்த நோட்டை இன்றே கிழித்துப் பொடியாக்குங்கள். பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 முதல் இருக்கிறது. கார்டு வாங்கும் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும், தனியாள் கடையையும்தான். பணத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு அந்த மூன்று இலக்கத்தை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. சங்கேதமாக்கிக் கணினியில் வைத்தாலும் தப்புதான்.

போனில் கேட்பதற்குப் பதில் பேமெண்ட் லிங்க் அனுப்புங்கள். அவரே எண்ணை அடிப்பார். உங்கள் கண்ணில் படாது. அடிக்கடி வாங்குபவர் என்றால் கேட்வேயிடமே, அதாவது உங்களுக்கு ஆன்லைனில் கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்திடமே, கார்டைச் சேமிக்கச் சொல்லலாம். உங்களிடம் கார்டு எண்ணுக்குப் பதிலான டோக்கன் என்ற குறியீடு மட்டும் இருக்கும், திருடனுக்கு அது உதவாது. பிசிஐ விதிகளுக்காக ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவமும் இதனால் சுருங்கிவிடும்.

கேள்வி: பொருளை வாங்கிக்கொண்டு, 'இது நான் செய்த செலவே இல்லை' என்று ஒருவர் சார்ஜ்பேக் போட்டிருக்கிறார், அதாவது தன் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார். என்ன செய்வது?

முதலில், அவரைத் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். கார்டு ஸ்டேட்மெண்டில் உங்கள் தொழிலின் பெயர் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கடைக்கு ஒரு பெயர், பதிவு செய்த நிறுவனத்துக்கு வேறு பெயர் என்றால் ஸ்டேட்மெண்டில் இரண்டாவது வரக்கூடும், அவருக்குச் சத்தியமாக அடையாளம் தெரியாது. கேட்வேயிடம் சொல்லிக் கடைப் பெயரையே வரச் செய்யுங்கள். பாதி வழக்கு பிறக்கவே பிறக்காது என்பது என் எண்ணம்.

வந்துவிட்ட வழக்குக்கு, கெடு தேதிக்குள் டெலிவரி ரசீது, ஆர்டர் விவரம், அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள். கோபமான கடிதம் வேண்டாம், யாரும் படிக்கமாட்டார்கள். ஆன்லைனில் ஓடிபி வழியாக உறுதி செய்த விற்பனை என்றால், இந்த வகை மோசடிப் புகாரில் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். வழக்குகள் குவிந்து கணக்கு மூடப்பட்டால், இப்படிக் கணக்கு மூடப்பட்ட வணிகர்களுக்காக மாஸ்டர்கார்டு வைத்திருக்கும் மேட்ச் என்ற பட்டியலில் உங்கள் பெயர் ஏறக்கூடும். 5 ஆண்டு அதில் நிற்கும், அதுவரை வேறு வங்கி சேர்ப்பது கடினம்.

கேள்வி: கார்டில் வாங்கியவர் ரீஃபண்டை ரொக்கமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. எந்தக் கார்டில் வந்ததோ அதே கார்டுக்கே அனுப்புங்கள். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் சார்ஜ்பேக்கும் போட்டால், பணம் திருப்பியதற்கு வங்கி ஏற்கும் சான்று உங்களிடம் இருக்காது. பணம் இரண்டு முறை போகும். 'அந்தக் கார்டு தொலைந்துவிட்டது' என்பார்கள். பரவாயில்லை, பழைய எண்ணுக்கு அனுப்பினாலும் கணக்கு உயிரோடு இருந்தால் அவருடைய வங்கி அதைச் சேர்த்துவிடும்.