தலைக்கு ஒரு துணி: வாசகியர் கேள்வி, என் பதில்

ஸ்கார்ஃபைத் தலையில் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ரவிக்கைக் கழுத்து, புடவை ஓரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதைப் பற்றியே எழுதிக் குவித்துவிட்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்கத் தலைக்கே.

பாரிஸில் இருக்கும் நாத்தனார் பட்டு ஸ்கார்ஃப் ஒன்று அனுப்பினார். வீடியோ பார்த்து டர்பன் கட்டினால் முடிச்சுப் போட நுனியே மிஞ்சவில்லை. எப்படியோ இழுத்துக் கட்டினாலும் அரை மணி நேரத்தில் வழுக்கிவிடுகிறது. என் தலைதான் பெரிதோ? – வாசகி, தஞ்சாவூர்

தலையைக் குறை சொல்லாதீர்கள். இஞ்ச் டேப்பை எடுங்கள். உங்கள் ஸ்கார்ஃப் அநேகமாக 90 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். பாரிஸின் எர்மேஸ் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட பட்டுச் சதுரத்தின் அளவு அது. இன்றும் பலர் அதே அளவில்தான் வெட்டுகிறார்கள். மூலைக்கு மூலை மடித்தால் நீளம் 127 சென்டிமீட்டர். நம் பெண்களின் தலைச் சுற்றளவைச் சுமார் 56 என்று வையுங்கள். டர்பனுக்குத் துணி பிடரியில் தொடங்கி, நெற்றியில் முறுக்கிக்கொண்டு, மறுபடி பிடரிக்குத் திரும்ப வேண்டும். அதாவது இரண்டு சுற்று. அதிலேயே 112 போய்விடுகிறது. முறுக்குக்கும் முடிச்சுக்கும் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. வீடியோவில் வரும் பெண் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

டர்பனுக்கான துணி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது: பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய காட்டன் துப்பட்டா. இரண்டேகால் மீட்டர் இருந்தால் தாராளம். அகலத்தைப் பாதியாக மடியுங்கள். தலையைக் குனிந்து, துணியின் நடுப்பகுதியைப் பிடரியில் வைத்து, இரண்டு நுனிகளையும் நெற்றிக்கு மேலே கொண்டுவாருங்கள். ஒன்றோடு ஒன்றை இரண்டு முறை முறுக்கிவிட்டுப் பின்னால் கொண்டுபோய் முடியுங்கள். உச்சியில் பிதுங்கி நிற்கும் துணியை விரலால் உள்ளே செருகுங்கள். துணி காதுக்குப் பின்னால் போக வேண்டும். காதை அழுத்திக்கொண்டு போனால் மாலைக்குள் தலைவலி நிச்சயம். முன்நெற்றி முடியை இழுத்துப் பிடிக்கும்படியும் கட்டாதீர்கள். தினமும் இழுபட்டால் அந்த இடத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

பட்டு ஸ்கார்ஃபுக்கு வேறு வேலை இருக்கிறது. முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டு, நுனிகளைத் தாடைக்குக் கீழே குறுக்கே விட்டுக் கழுத்தின் பின்னால் முடியுங்கள். ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லியால் பிரபலமான கட்டு அது. அடியில் ஒரு வெல்வெட் பட்டை போட்டுக்கொண்டால் பட்டு நகராது.

தலையில் ஸ்கார்ஃப் கட்டிக் கல்லூரிக்குக் கிளம்பினால், "ஆண்பிள்ளை போல என்ன முண்டாசு?" என்கிறார் பாட்டி. என்ன பதில் சொல்வது? – வாசகி, சேலம்

நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் வெயிலுக்குத் துண்டைத் தலையில் சுற்றாத பெண்ணைப் பாட்டி பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவரே சுற்றியிருக்கவும் கூடும். வேலை ஒன்றும் இல்லாமல் அழகுக்காகச் சுற்றுவதுதான் அவருக்கு உறுத்துகிறது. அதற்கும் கதை இருக்கிறது. பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே 1911-இல் 'ஆயிரத்து இரண்டாம் இரவு' என்று ஒரு விருந்து வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் கீழை நாட்டு வேடத்தில் வர வேண்டும் என்பது நிபந்தனை. புவாரேயின் கையால் டர்பன் பணக்காரச் சீமாட்டிகளின் தலையில் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் அதே தலைத்துணி தொழிற்சாலைக்கு வந்தது. இயந்திரத்தில் முடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து அல்லவா? முழங்கையை மடக்கிக் காட்டும் பெண்ணின் 1943-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுவரொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அவர் தலையிலும் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி.

கரீபியன் கடலின் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இருக்கும் சித்தி மகள் விழாப் படம் ஒன்று அனுப்பினாள். தலையில் கட்டம் போட்ட துணி, மேலே கூர் கூராக நிற்கிறது. "அப்பாவின் கைலியைக் கிழித்துக் கட்டிவிட்டாளா?" என்று அம்மா சிரிக்கிறார். – வாசகி, புதுச்சேரி

அம்மா சிரிக்கட்டும், அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தத் துணியை அங்கே 'மத்ராஸ்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். சென்னைப் பட்டணத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி, பிரெஞ்சு, ஆங்கில வணிகர்கள் வழியாக 18-ஆம் நூற்றாண்டிலேயே கரீபியன் தீவுகளை அடைந்துவிட்டது. உங்கள் ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் பக்கத்திலுள்ள மார்த்தினிக் தீவில் இறங்கியது 1853-இல், குவாதலூப்பில் 1854-இல். அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்ப்பக்கத்துத் துணி அங்கே ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் தலையில் இருந்தது! இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

'கைக்குட்டை' என்ற பெயரில்தான் அது விற்றது. ஏறக்குறைய ஒரு கெஜச் சதுரம். மூக்குத் துடைக்க யார் இவ்வளவு பெரிய துணி வாங்குவார்கள்? தலைக்கும் தோளுக்கும்தான். ஆந்திரக் கடற்கரையில் சீராலா நெசவாளர்கள் நெய்த இதே வகைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் ஏராளமாகப் போனது. மார்த்தினிக்கில் அப்படியே கட்டிவிடுவதும் இல்லை; வெளிர்க் கட்டங்களின் மேல் மஞ்சள் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டிப் பளிச்சென்று ஆக்குவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள்.

அந்தக் கூர்களை எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு கூர் என்றால் மனம் காலி. இரண்டு என்றால் ஆள் இருக்கிறது, ஆனாலும் முயன்று பார்க்கலாம். மூன்று என்றால் திருமணம் ஆகிவிட்டது. நான்கு என்றால் யார் வந்தாலும் இடம் உண்டு. தீவுக்குத் தீவு கணக்கு கொஞ்சம் மாறும். சித்தி மகளின் படத்தில் எத்தனை என்று அம்மாவிடம் சொல்வதற்கு முன் அவளிடம் கேட்டுவிடுங்கள்.

கட்டிப் பார்க்க ஆசை என்றால், தைக்காத கைத்தறிக் கைலித் துணியில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டுங்கள். முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்கள், சாயம் போகும். (1960-களில் அமெரிக்கர்கள் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி இந்தத் துணியை விற்றார்கள், நம் கடைக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.) பிறகு வடிகஞ்சியில் முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். கஞ்சி இல்லாமல் கூர் நிற்காது.

எனக்கு வட்ட முகம். எந்தக் கட்டு எடுக்கும்? – வாசகி, கோயம்புத்தூர்

நெற்றிக்கு மேலே உயரம் கொடுத்துக் கட்டுங்கள், காதை மறைக்காதீர்கள், நீளத் தொங்கட்டான் போடுங்கள். முடிந்தது.

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்ததில் முடி முழுவதும் கொட்டிவிட்டது. அடுத்த மாதம் மகள் கல்யாணம். விக் வைத்தால் அரிக்கிறது. பட்டுப் புடவையோடு தலையில் எதையாவது கட்டினால் அசிங்கமாக இருக்குமா? – பெயர் வேண்டாம், மதுரை

இருக்காது அம்மா. முடியில்லாத தலையில் பட்டும் சாட்டினும் வழுக்கும், பாலியெஸ்டர் வேர்க்கும். அதனால் அடிப்படை காட்டனாகவே இருக்கட்டும். பழைய பனியன் துணியில் ஒரு குல்லாய் தைத்துக்கொள்ளுங்கள். தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் இருந்தால் உரசும். குல்லாயின் உச்சியிலும் பின்புறத்திலும் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றை வைத்துத் தைத்தால், மேலே கட்டும் துணிக்குக் கொண்டை போட்ட தலையின் வடிவம் வந்துவிடும். மக்கள் கண்ணுக்குத் தெரிவது இந்த வடிவம்தான்.

மேல்துணிக்கு உங்கள் ஊர்ச் சுங்குடியைவிட நல்லது எது? புடவையின் நிறத்தில் ஒரு சுங்குடித் துணி வாங்குங்கள். கல்யாணப் புடவையோடு வரும் ரவிக்கைத் துணியில் கரை மிஞ்சும். அந்தக் கரையை வெட்டிச் சுங்குடியின் ஓரத்தில் தைக்கச் சொல்லுங்கள். நெற்றியில் அந்தச் சரிகை ஓடும்போது இது புடவையோடு பிறந்த தலைக்கட்டு என்றுதான் தோன்றும். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிறுத்துங்கள். இன்னும் கீழே இறக்கினால் முகம் வாடித் தெரியும். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

பூ வைக்க முடியாதே என்று மனதுக்குள் நினைத்திருப்பீர்கள். தாராளமாக வையுங்கள். மல்லிகைச் சரத்தைப் பின்பக்க முடிச்சைச் சுற்றி நூலால் தைத்துவிட்டால் போதும். ஊசியும் பின்னும் வேண்டாம், இப்போது உங்கள் தோல் மென்மையாக இருக்கும். தலையில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். முகூர்த்தத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் இரண்டு மணி நேரம் கட்டிக்கொண்டு இருந்து பாருங்கள். மகளுக்கு என் ஆசி.

ஆயத்த டர்பன் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன், சீக்கியர்கள் கட்டுவதைப் போலவே இருக்கிறது. வாங்கலாமா? என் தோழி ஒருத்தி சீக்கியப் பெண். – வாசகி, ஓசூர்

வேண்டாம். இத்தாலியின் கூச்சி ஆடை நிறுவனம் 2018-இல் மிலான் ஃபேஷன் மேடையில் இப்படி ஒன்றைக் காட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடையொன்றின் இணையதளத்தில் ஏறக்குறைய 800 டாலருக்கு அது வந்ததும் சீக்கியர்கள் கொதித்தார்கள். கடை மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொண்டது. அவர்கள் காலையில் மடிப்பு மடிப்பாகக் கட்டுவது சமய நம்பிக்கையின் அடையாளம், பெண்களிலும் கட்டுபவர்கள் உண்டு. தொப்பியைப் போலக் கழற்றி மாட்ட அது செய்யப்படவில்லை. நெற்றியில் முறுக்கு வைத்த கட்டுகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஸ்கூட்டரில் போகும்போது டர்பனுக்கு மேலேயே ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாமா? – வாசகி, திருநெல்வேலி

கூடாது. உள்ளே முடிச்சு இருந்தால் ஹெல்மெட் தலையோடு ஒட்டாது, விழுந்தால் கழன்று ஓடும். அடியில் ஒற்றை மடிப்பு மல் துணி மட்டும் போதும். துப்பட்டாவைப் பைக்குள் வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் கண்ணாடி முன் நின்று கட்டிக்கொள்ளலாம். கழுத்தில் தொங்கவிட்டுப் போனால் சக்கரம் இழுத்துக்கொள்ளும்.