கல்வித் தொழில்நுட்பத்துக்குச் செலவழித்தால் டிஜிட்டல் இடைவெளி குறையுமா?

கருவி வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால், கணினியும் இணையமும் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான அந்த இடைவெளி குறையாது. பெரு நாட்டு அரசு ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் கூடவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். பெரும்பாலான பள்ளிகளில் இணையமே கிடையாது. பிள்ளைகள் தட்டச்சு செய்தார்கள், விளையாடினார்கள், பாட்டுக் கேட்டார்கள். பாடத்துக்கும் அந்தக் கணினிக்கும் பெரிதாகத் தொடர்பு இருக்கவில்லை.

அதற்காக ஏழைப் பிள்ளைக்குக் கணினியே வேண்டாம் என்பது அநியாயம். தொட்டுப் பழகாமல் எப்படிக் கற்பது? ஆனால் எந்தத் திட்டமானாலும், ஆசிரியர் பயிற்சி, இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு மூன்றுக்கும் ஒவ்வோர் ஆண்டும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2020 ஊரடங்கின்போது கல்வித் தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தியது நல்ல முடிவு. ஸ்மார்ட்போன் இல்லாத பல வீடுகளிலும் டிவி இருந்தது.