எல்எஸ்டிபியில் இருக்கும் நெட்வொர்க் ரவுட்டிங் டேபிளில் ஏன் வருவதில்லை?

ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் புரோட்டோகாலின் எல்எஸ்டிபியில் (லிங்க் ஸ்டேட் தகவல்தளம்) எல்எஸ்ஏ (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இணைப்பு அறிவிப்பு) தெரிகிறதே, ரவுட்டிங் டேபிளில் ஏன் வழி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்எஸ்டிபி என்பது வழிகளின் பட்டியல் அன்று. எந்த ரவுட்டர் எதனுடன், என்ன காஸ்டில் (பாதைச் செலவு) இணைந்திருக்கிறது என்ற வரைபடம். ஒரே ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) உள்ள எல்லா ரவுட்டர்களிடமும் இந்த வரைபடம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் தன்னையே வேராக வைத்து குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தை ஓட்டுவதால், கிடைக்கும் ரவுட்டிங் டேபிள்கள் வேறுபடுகின்றன.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு ரவுட்டர் திடீரென மின்சாரம் இழந்தால், அது கடைசியாக அனுப்பிய எல்எஸ்ஏ, வயது 3600 விநாடியை எட்டும்வரை மற்றவற்றின் எல்எஸ்டிபியில் கிடக்கும். எனினும் அண்டை ரவுட்டர்கள் டெட் இன்டர்வல் (ஹலோ செய்தி வராமல் காத்திருக்கும் நேரம்) முடிந்ததும் அந்த இணைப்பைத் தங்கள் எல்எஸ்ஏயிலிருந்து நீக்கிவிடுகின்றன. இணைப்பை இரு முனைகளும் அறிவித்தால்தான் கணக்கில் சேரும் என்பது ஓஎஸ்பிஎஃபை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2328-இன் விதி என்பதால், அந்த ரவுட்டருக்கு வழி கிடைக்காது.

வகை 5 எல்எஸ்ஏவாக (ஓஎஸ்பிஎஃபுக்கு வெளியிலிருந்து வந்த வழியை அறிவிப்பது) இருந்தால், அதிலுள்ள ஃபார்வர்டிங் அட்ரஸுக்கு (பாக்கெட்டை அனுப்ப வேண்டிய முகவரி) ஓஎஸ்பிஎஃப் வழியாகவே பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் அந்த வழி டேபிளில் சேராது. சிஸ்கோ ரவுட்டரில் அதே நெட்வொர்க்குக்கு ஸ்டாட்டிக் ரூட் (கைமுறையாக அமைத்த வழி) இருந்தாலும், அதன் டிஸ்டன்ஸ் (குறைவாக உள்ளதே முன்னுரிமை பெறும் எண்) இயல்பாக 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110 என்பதால், ஸ்டாட்டிக்கே டேபிளில் அமரும்.