கேமரா அணைந்த வகுப்பும் சோர்ந்த ஆசிரியரும்: கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் 40 பேரில் 35 பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். சுவரோடு பேசுவது போலிருக்கிறது. எப்படி உற்சாகம் வரும்?

வகுப்பறையில் ஒரு பிள்ளை புருவத்தைச் சுருக்கினாலே போதும், அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டுக் காட்டுவீர்கள். அந்த முகக்குறிப்பு கிடைக்காததுதான் உங்கள் சோர்வுக்குக் காரணம். கேமராவுக்காகக் கெஞ்ச வேண்டாம். வீட்டைக் காட்டக் கூசும் பிள்ளைகள் உண்டு. டேட்டாவும் கூடுதலாகத் தீரும். அதற்குப் பதில் 7, 8 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் எழுத வையுங்கள். 2/3, 3/4: எது பெரிது? விடையை அரட்டைப் பெட்டியில் தட்டி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. சூட்சுமமே அதில்தான். இல்லாவிட்டால் முதல் ஆள் போட்டதையே மற்றவர்களும் போடுவார்கள். "அனுப்புங்க" என்றதும் விடைகள் மளமளவென்று விழும். யார் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "எஸ் மிஸ்" மட்டும்தான் வரும்.

கேள்வி: இணையமே இல்லாத பிள்ளைகள்?

சாதா போன் போதும். 30 பேர் என்றால் நாளுக்கு 6 பேரை அழைத்து, ஆளுக்கு 5 நிமிடம் பேசுங்கள். ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். பல வீடுகளில் போன் வேலைக்குப் போகும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கும். எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும் என்று முதல் அழைப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் வீட்டுப்பாடத்தைக் கேட்டால் அடுத்த முறை பிள்ளை போன் பக்கமே வராது. பல் விழுந்தது, நாய் குட்டி போட்டது என்று அது சொன்ன ஒரு விஷயத்தை நோட்டில் எழுதி வைத்து, மறுமுறை அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சுற்றிலும் கிடைக்காத பெயரை வட்டமிடுங்கள். படிப்பை விட்டுவிடும் ஆபத்து அங்கேதான். பக்கத்து வீட்டு மாணவர் மூலமாவது விசாரியுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போடுவது பாதிப் பேருக்குப் போகவில்லை.

உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு அது போகாது. முதலில் சேமிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாலையில் தலை கனக்கிறது. இரவு 11 மணிக்கும் பெற்றோர் சந்தேகம் கேட்கிறார்கள்.

நாள் முழுக்கத் திரையில் தன் முகத்தையே பார்ப்பதும் களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதி ஜூமில் உண்டு. வாட்ஸ்அப் குழுவை இரவு 8 மணிக்கு 'அட்மின் மட்டும்' செய்தி போடலாம் என்று மாற்றி, காலையில் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். தனியாக வரும் செய்திகளுக்கும் காலையில்தான் பதில். ஓர் இரவு மனமிரங்கிப் பதில் போட்டீர்களோ, மறுநாள் பத்துப் பேர் கேட்பார்கள்.