கார் ஷெட்டில் பேண்ட்சா: சக்கரம் வைக்கலாமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கார் ஷெட்டிலேயே சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை போட்டிருக்கிறேன். 14 அங்குல பேண்ட்சா (பட்டை ரம்பம்), 10 அங்குல டேபிள் சா (மேஜையில் பொருத்திய வட்ட ரம்பம்), பலகையை ஒரே கனமாக இழைக்க ஒரு திக்னஸ் பிளேனர் இருக்கின்றன. ராத்திரி கார் நிற்க வேண்டும் என்பதால் மாலையில் எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளுகிறேன். இடுப்பு போய்விட்டது. அடியில் நாலு சக்கரம் வெல்டு பண்ணித் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். அறுக்கும்போது ஆடாதா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஆடும் ஐயா. அதனால் சக்கரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அறுக்கும் நேரத்தில் மெஷின் சக்கரத்தின் மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில், அடியில் வைப்பது. 4 அங்குல சக்கரம் என்றால் தகடும் சேர்த்து ஏறக்குறைய 5 அங்குல உயரம். பேண்ட்சாவின் மேஜை நெஞ்சுக்கு வந்துவிடும். பேண்ட்சாவுக்கோ கனமெல்லாம் மேலே. நான் அப்படித்தான் வைத்தேன். ஒருநாள் மேல் மூடியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகையில், விரல் அளவு மரச்சில்லு ஒன்று முன் சக்கரத்தில் சிக்கியது. கீழே நின்றுவிட்டது, மேலே வந்துகொண்டே இருக்கிறது! தூணில் சாய்ந்து நின்றதால் மெஷினும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அன்றிலிருந்து தள்ளும் முன் ஒரு பெருக்கு. கை எப்போதும் மேஜைக்குக் கீழேதான்.

40×40×5 மில்லிமீட்டர் எல் ஆங்கிள் இரும்பில், மெஷினின் அடிப்பாகம் உள்ளே உட்காரும்படி ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். சக்கரங்கள் அதன் நாலு மூலையிலும் வெளிப்பக்கம், உயரத் தூக்கிய தகட்டில் வரட்டும். சட்டம் தரையிலிருந்து முக்கால் அங்குலத்துக்குமேல் எழும்ப வேண்டாம். சக்கரங்கள் அகன்று நிற்பதால் கவிழவும் யோசிக்கும். இரண்டு நேர்ச் சக்கரம், இரண்டு திரும்பும் சக்கரம் போதும். நாலும் திரும்பினால் சந்தையில் வாங்கிய கன்றுக்குட்டி மாதிரி இழுக்கும்.

சக்கரத்தின் தாங்குதிறனை எடையை நாலால் வகுத்துப் பார்க்காதீர்கள். மேடுபள்ளத் தரையில் ஒன்று அந்தரத்தில்தான் இருக்கும், அதனால் மூன்றால் வகுங்கள். மெஷினும் சட்டமும் 120 கிலோ என்றால் ஒன்றுக்கு 40 கிலோ. குலுக்கலுக்காக அதை இரட்டிப்பாக்கி, 80 கிலோ தாங்குவதாக வாங்குங்கள். ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் தட்டையாகிவிடும். நைலான் டைல்ஸில் சத்தம் போடும். நான் பாலியூரித்தேன்தான் போடுவேன்.

இனி முக்கியமான சங்கதி. சட்டத்தின் நாலு மூலையிலும் எம்12 (12 மில்லிமீட்டர்) நட் வெல்டு செய்து, மேலிருந்து நீள போல்ட் இறக்குங்கள். நுனிக்குக் கீழே கெட்டி ரப்பர் துண்டு. இந்த போல்ட் ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீட்டர் இறங்கும். ரப்பரைத் தொட்டபின் இரண்டு சுற்று சுற்றினால் சக்கரம் தரையைவிட்டு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) எழும்பிவிடும். அது போதும். பிரேக் சக்கரம் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண பிரேக் உருள்வதைத்தான் நிறுத்தும். எட்டடிப் பலகையை டேபிள் சாவில் தள்ளும்போது சக்கரம் தன் அச்சில் திரும்பி மெஷினே கோணிக்கொள்ளும். அப்புறம் பலகை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

போல்ட்டால் இன்னொரு லாபமும் உண்டு. கார் ஷெட் தரை தண்ணீர் ஓட வாசல் பக்கம் சரிந்திருக்கும். பத்தடிக்கு ஒரு அங்குலம் என்றாலே இரண்டடிச் சட்டத்தில் ஒன்றரை நூலுக்கு மேல். மேஜைமேல் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். அதே சரிவில், போல்ட்டை ஏற்றியதும் மெஷின் தானாகவே கேட்டை நோக்கிக் கிளம்பும், பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காகவே இரண்டு சக்கரமாவது பிரேக் உள்ளதாக இருக்கட்டும்.

திக்னஸ் பிளேனருக்குத் தனிச் சட்டம் தேவையில்லை. ஒரு கெட்டியான பெட்டிக்குச் சக்கரம் வைத்து, அதன்மேல் போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

போல்ட்டைச் சுற்றும் ஸ்பேனரைச் சங்கிலி போட்டு பேண்ட்சாவிலேயே மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் அதைத் தேடச் சலித்து, 'இந்த ஒரு துண்டுதானே' என்று சக்கரத்தின் மேலேயே அறுக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது.