காட்டுத்தீ அபாய வரைபடம்: கேட்டதும் சொன்னதும்

(கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப்பேர்.)

கோவை: அண்ணா, காட்டுத்தீ அபாய வரைபட ஆய்வுக்குச் சத்தியமங்கலம் காட்டை எடுத்திருக்கேன். சரிவு, சரிவின் திசை, ரோட்டுத் தூரம், ஊர்த் தூரம். அபாயக் கணக்குல எதுக்கு எவ்வளவு எடை, அதாவது முக்கியத்துவம், போடறது?

பதில்: அம்மிணி, சரிவு தீயைப் பத்த வெக்காது, பத்தினதை ஓட விடும். பத்து டிகிரி கூடினா மேல்நோக்கி ஓடற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சுவாலை மேல இருக்கற சருகை முன்னாடியே காய வெச்சுடுது. ரோடும் ஒத்தையடிப் பாதையும் பத்த வெக்கற கணக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கூட்டினா திம்பம் மலைப்பாதை பூரா அபாயம்னு சிவப்பாகும், எதனாலன்னு தெரியாது. ரெண்டு வரைபடம் போடுங்க. பத்தற இடத்துக்குக் காவலர், பரவற இடத்துக்குத் தீத்தடுப்புக் கோடு.

அப்புறம், தெற்குச் சரிவுக்குக் கண்ணை மூடிட்டு அதிக எடை போடாதீங்க. அது வடக்கே தள்ளி இருக்கற நாடுகளோட கணக்கு. நாம வடக்கு அட்சரேகை 11 டிகிரியில இருக்கோம். மாசி, பங்குனியில தெற்கு காயும். சித்திரை முதல் வாரத்துல சூரியன் உச்சிக்கு வந்து வடக்கே தாண்டிடும். மேற்குச் சரிவுக்கு மட்டும் பொழுது சாயற வெயில் எப்பவும் உண்டு.

ஈரோடு: செயற்கைக்கோள் பதிவு பண்ற தீப்புள்ளிகள் எங்கே கிடைக்கும்?

பதில்: நாசாவோட ஃபர்ம்ஸ் தளம், இலவசம். செயற்கைக்கோள் உணரிகள் ரெண்டு: விர்ஸ்ல ஒரு புள்ளி 375 மீட்டர் கட்டம், மோடிஸ்ல 1 கிலோமீட்டர். எறக்கின கையோட காட்டு எல்லைக்கு வெட்டுங்க. வயல்ல கரும்புத் தோகை எரிச்சாலும் புள்ளி விழும்.

கோபி: எடை எவ்வளவுங்க?

பதில்: மேல பாருங்க.

தாளவாடி: ஊர்ப் பக்கம் சிவப்படிச்சா மலைமக்கள்தான் தீ வெக்கறாங்கன்னு ஆகுதே? சோளகருக்குத் தீயைப் பத்தித் தெரியாதுங்களா?

பதில்: நியாயமான கோபம். ஊர்த் தூரம்ங்கறது அங்கே ஆள் நடமாட்டம் உண்டுன்னு மட்டும்தான் சொல்லும்; யார் வெச்சாங்கன்னு சொல்லாது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் கோடை முத்தறதுக்கு முன்னாடியே தரைச் சருகை எரிச்சவங்க, ‘தரகு பெங்கி’ன்னு பேரு. அதை நிறுத்தினதாலதான் உண்ணிச்செடி (லாண்டானா) பெருத்துச்சுன்னு அவங்க சொல்றாங்க.

பவானிசாகர்: அண்ணா, மேய்ச்சலுக்குப் புல் வேணும்னு இன்னைக்கும் தீ வெக்கறது நடக்கலையா?

பதில்: நடக்குது. ரோட்டுல போறவன் பீடித்துண்டு வீசறதும் நடக்குது. புள்ளியில ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தாளவாடி: அப்ப உண்ணிச்செடியை ஏன் யாரும் காரணியா எடுக்கறதில்லை?

பதில்: மரத்தடியில அது அடர்ந்து கிடக்கறதால மேலிருந்து எடுக்கற படத்துல பிரிச்சுப் பார்க்கறது சிரமம். ஆனா தரைத்தீயை மரக்கிளை வரைக்கும் ஏத்தறது அதுதான். நடந்து போய்க் குறிச்சுட்டு வரணும், வேற வழியில்லை. ரோட்டுத் தூரத்தை எடுக்கறது கணினியில உட்கார்ந்தே முடிஞ்சிடும், அதனால எடுக்கறாங்க.

பவானிசாகர்: வெள்ளியங்கிரிப் பாதை ரோட்டுக் கணக்குல வருமா?

பதில்: ரோடு மட்டும் இருக்கற கோப்புல வராது. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் சனம் ஏறற பாதை, கையால வரைஞ்சு சேருங்க.

பொள்ளாச்சி: தீ எங்கே வரும்னு கணினியில கணிச்சதுல எனக்குத் துல்லியம் அருமையா வந்திருக்கு!

பதில்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பிரிச்சு, பாதியில கணினியைப் பழக்கி மீதியில சோதிச்சிருப்பீங்க; பக்கத்துப் புள்ளி ஒரே மாதிரி இருக்கறதால துல்லியம் கூடத்தான் காட்டும். ஒரு வருஷத்தை முழுசா ஒதுக்கி வெச்சுச் சோதிங்க. எல்லைக்கு வெட்டினீங்களா?

பொள்ளாச்சி: இல்லீங்க...

பதில்: வெட்டிட்டு வாங்க.

திருப்பூர்: சரிவுக்கு எடை...

பதில்: கோவை அம்மிணிக்குச் சொன்னதைப் படிங்க தம்பி.